போல்கேயின் நினைவுப் படம்: முகம் சரி, தோள்பட்டை தப்பு, சாவு அதைவிடத் தப்பு

சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரச்சினையெல்லாம் கிட்டப் போனால்தான். அதுவும் இந்த மனிதர் யார், எப்படிச் செத்தார் என்று கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத்தான். அப்படித் தெரிந்தவர்கள்தான் இந்த மாதிரிப் படத்தையே வாங்குவார்கள் என்பது கடைக்காரர்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

பொருள் இதுதான்: முதல் உலகப் போரில் இறந்த ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்கேயின் நினைவுப் படம். ஏ3 அளவு, கறுப்பு மரச்சட்டம், சட்டத்தின் கீழ்ப்பட்டையில் பெயரும் ஒரு வரியும் பொறித்த பித்தளைத் தகடு, கூடவே அவருடைய எட்டுப் போர் விதிகளை அச்சடித்த தனித் தாள் ஒன்று. ஜெர்மனியில் இருந்து இயங்கும் ஒரு ஆன்லைன் கடை, பெயர் வேண்டாம். தபால் செலவோடு 80 யூரோவுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. பழுப்பு, கறுப்பு வெள்ளை, வண்ணம் என்று மூன்று விதமாக விற்கிறார்கள், நான் வாங்கியது பழுப்பு.

போல்கே யாரென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹாலே நகரை ஒட்டிய கீபிஷென்ஸ்டைனில் 1891 மே 19 அன்று பிறந்தவர், அப்பா பள்ளி ஆசிரியர், குடும்பம் பிறகு டெஸ்ஸாவுக்குப் போனது. 1916 ஜனவரி 12 அன்று இவருக்கும் இன்னொரு ஜெர்மன் போர் விமானி மாக்ஸ் இம்மெல்மானுக்கும் ஒரே நாளில் பூர் லெ மெரிட் என்ற உயரிய பிரஷ்யப் போர்ப் பதக்கம் கிடைத்தது, விமானிகளில் அதை முதலில் வாங்கியவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஜூன் 18 அன்று இம்மெல்மான் இறந்ததும், இவரையும் பறிகொடுத்துவிடக் கூடாது என்று பயந்த ஜெர்மன் பேரரசர் கைசர் இவரைப் பறக்க விடாமல் பால்கன் பக்கம் சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டார். அந்தப் பயணத்தின் கடைசியில் கிழக்குப் போர்முனையில் கோவெல் என்ற ஊரில் இறங்கித் தன் புதுப் படைப்பிரிவான யாஸ்டா 2-க்கு ஆள் எடுத்தார். அங்கே எடுத்தவர்களில் ஒருவர் மான்ஃபிரெட் ஃபொன் ரிக்ட்ஹோஃபென், ஆம், 'ரெட் பேரன்' என்று பெயர் வாங்கிய அந்தச் சிவப்பு விமானக்காரரேதான். இன்னொருவர் எர்வின் போமே, 37 வயது, போல்கேயைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சரி, படத்துக்கு வருவோம். பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டி அட்டைப்பெட்டி, நான்கு மூலைக்கும் நுரைத் தடுப்பு, கண்ணாடி முழுசாக வந்து சேர்ந்தது. சட்டம் உண்மையான மரம், பின்பக்கம் பிளைவுட் இல்லாமல் கெட்டி அட்டை வைத்துக் கம்பி ஊசியால் மடக்கியிருக்கிறார்கள், கழற்றி மாட்டச் சுலபம். தாள் பளபளப்பு இல்லாத தடித்த பருத்தித் தாள், மை நன்றாகப் பிடித்திருக்கிறது, நிழல் பகுதிகள் அடைத்துப்போகாமல் மடிப்புகள் தெரிகின்றன. இந்த விலைக்கு இந்தத் தாளும் சட்டமும் நியாயம்தான், அதில் சந்தேகமில்லை.

இந்தப் படத்தின் மூலம் எது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. போர்க்காலத்தில் பெர்லினில் வில்லி சாங்கே என்பவர் விமானிகளின் முகங்களைத் தபால் அட்டையாகப் போட்டு விற்றார். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண், அடியில் 'எங்கள் வெற்றிகரமான போர் விமானி' என்கிற மாதிரி ஒரு வரி, மறுபதிப்புச் செய்தால் வழக்குப் போடுவோம் என்று ஒரு மிரட்டல். பள்ளிக்கூடப் பையன்கள் சேர்த்தார்கள், வீட்டில் இருப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள், விமானி இறந்துவிட்டால் அதே முகம் நினைவுச் சின்னமாகிவிடும். போல்கேக்கு மட்டும் பல அட்டைகள் உண்டு. அவற்றில் ஒன்று என்னிடம் இருக்கிறது, பழம்பொருள் விற்பவரிடம் 30 யூரோவுக்குள் வாங்கியது, மூலைகள் மழுங்கியிருந்தாலும் முகம் பழுதில்லை. கடைக்காரர்கள் பெரிதாக்கி விற்பதும் அதே படம்தான். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது, அங்கேதான் வம்பு தொடங்கியது.

ஒரு தபால் அட்டையின் அளவு ஏறக்குறைய 9க்கு 14 சென்டிமீட்டர். அதை ஏ3 ஆக்கினால் விவரம் போதாது, புரிகிறது. பழைய நாளில் அப்படியே பெரிதாக்கி விடுவார்கள், கொஞ்சம் மங்கலாக இருக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள். இப்போது மென்பொருளிடம் கொடுத்து 'தெளிவாக்கி' விடுகிறார்கள். அது இல்லாத விவரத்தைத் தானாகவே கற்பனை செய்து நிரப்புகிறது. முகத்தில் அதன் வேலை: கன்னத்தில் இருந்த லேசான தழும்பு மாதிரியான நிழல்கள், கண்ணுக்குக் கீழே இருந்த களைப்பு, எல்லாம் வழித்துத் துடைத்து மெழுகுப் பொம்மையாக ஆகிவிட்டது. இருபத்தைந்து வயசுப் பையன் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த முகம்தானே இந்தப் படத்தின் உயிர். அதை அழகாக்கி யாருக்கு என்ன லாபம்?

முகத்தையாவது ரசனை என்று விட்டுவிடலாம். தோள்பட்டையை விட முடியாது. ஜெர்மன் ராணுவத்தில் அப்போது லெஃப்டினன்டின் தோள்பட்டையில் நட்சத்திரம் கிடையாது, அதற்கு மேலே ஓபர்லெஃப்டினன்டுக்கு ஒன்று, அதற்கும் மேலே ஹௌப்ட்மானுக்கு, அதாவது கேப்டனுக்கு, இரண்டு. என் அட்டையில் போல்கேயின் பட்டையில் சின்னதாக இரண்டு நட்சத்திரம், லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் தெளிவாகவே தெரிகின்றன. பெரிய படத்தில் ஒன்று மட்டும் நட்சத்திரமாக இருக்கிறது, இரண்டாவது பட்டையின் பின்னலோடு கரைந்து ஒரு முடிச்சாகிவிட்டது. ஆக மென்பொருள் ஆளைப் பதவியிறக்கம் செய்துவிட்டது! கீழே தகட்டில் ஹௌப்ட்மான் என்று பொறித்திருக்கிறார்கள், மேலே தோளில் ஓபர்லெஃப்டினன்ட் உட்கார்ந்திருக்கிறார். (கழுத்தில் பூர் லெ மெரிட்டோடு ஒரே நட்சத்திரம் இருக்கிற போல்கே படங்களும் உண்டு, அவை தப்பில்லை. பதக்கம் ஜனவரியில் வந்தது, ஹௌப்ட்மான் பதவி மே மாதம்தான் வந்தது, இடையில் எடுத்த படங்களில் ஒன்றுதான் இருக்கும். ஆனால் இது அந்தப் படம் இல்லை.)

கழுத்துப் பதக்கத்துக்கும் அதே கதி. பூர் லெ மெரிட் என்பது நீல எனாமல் பூசிய எட்டுமுனைச் சிலுவை, நான்கு கைகளுக்கு இடையிலும் ஒவ்வொரு சின்னக் கழுகு. அட்டையில் கழுகுகள் தெரிகின்றன, சிறகு விரித்திருப்பதுகூடத் தெரிகிறது. ஏ3-இல் அந்த இடங்களில் உருண்டையாக ஏதோ நான்கு பொட்டுகள். மூன்று மடங்கு பெரிதாக்கிய படத்தில் விவரம் மூன்று மடங்கு குறைவு என்றால் எதற்குப் பெரிதாக்க வேண்டும்?

வண்ணப் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அக்காலத்துப் படத்தகடுகள் நீல நிறத்தைப் பிடிப்பதில் மிகையானவை, சிவப்பை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. அதனால் நீலமானது எதுவும் படத்தில் இருக்க வேண்டியதைவிட வெளிறித் தெரியும், சிவப்பு கறுத்துப்போகும். நீலக் கண்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி வெளுத்திருப்பது இதனால்தான், போல்கேயின் கண்ணைப் பற்றி அவரோடு பறந்தவர்கள் எழுதியதில் பாதி அந்த நீலத்தைப் பற்றியதுதான். வண்ணம் பூசுகிறவர் இது தெரியாமல் சாம்பல் அளவைப் பார்த்துப் பூசினால் பதக்கம் ஆகாய நீலமாகிவிடும். இவர்களுடைய வண்ணப் படத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது, நிஜப் பதக்கத்தின் நீலம் நல்ல அடர்த்தி. பழுப்பு வாங்கினதில் எனக்கு வருத்தமில்லை.

இனி தகடு. இதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. பெயர், 1891–1916, அதன் கீழே ஒரு வரி: விமானப் போரில் எதிரியால் சுட்டு வீழ்த்தப்பட்டார் என்று.

இல்லை சாமி. யாரும் சுடவில்லை.

1916 அக்டோபர் 28, பிற்பகல், அன்றைக்கு ஆறாவது முறையாகப் பறக்கிறார். யாஸ்டா 2-இன் அல்பாட்ரோஸ் விமானங்கள் பிரிட்டிஷ் 24ஆம் ஸ்குவாட்ரனின் இரண்டு டி.ஹெச்.2 விமானங்கள் மேல் பாய்கின்றன. போல்கேயும் போமேயும் அதில் ஒரே விமானத்தைத் துரத்துகிறார்கள், அதை ஓட்டியவர் நைட். குறுக்கே இன்னொரு விமானம் வர, மோதாமல் இருக்க இருவரும் விலகுகிறார்கள், இறக்கைகள் மறைத்ததில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போமேயின் சக்கரம் போல்கேயின் மேல் இறக்கையில் உரசுகிறது. உரசல்தான், பெரிய மோதல்கூட இல்லை. துணி கிழிகிறது, மேகத்துக்குள் போகிறார், வெளியே வரும்போது மேல் இறக்கை இல்லை. அப்படியும் விமானம் ரொம்ப மோசமாக விழவில்லை என்றும், தலைக்கவசமும் போட்டு வாரையும் இறுக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும்தான் சொல்லப்படுகிறது. நாற்பது விமானங்களை வீழ்த்தியவர், அந்தத் தேதிவரை வேறு எவருக்கும் அந்த எண்ணிக்கை கிடையாது, தன் நண்பரின் சக்கரம் பட்டு இறந்தார்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், அவரைப் பற்றி எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதல் பத்து வரியில் இருக்கும். 'சுட்டு வீழ்த்தப்பட்டார்' என்றால் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, அதனால் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியில் போமே என்ற மனிதரே காணாமல் போகிறார். நடந்ததைப் பற்றிச் சில நாளில் பின்னாளில் தனக்கு நிச்சயமான பெண்ணுக்கு உடைந்துபோய்க் கடிதம் எழுதியவர், பிறகு ஒரு வருஷம் அதே பாரத்தோடு பறந்து 1917 நவம்பர் 29 அன்று தானும் விழுந்தவர். அவரை அழித்துவிட்டு அங்கே ஒரு கற்பனை எதிரியை நிறுத்துவது என்ன நினைவஞ்சலி?

இதில் வேடிக்கை என்னவென்றால், சரியான பதில் அதே பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய தோல் மாதிரி கறை அடித்த தாளில் எட்டு விதிகளையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதை எடுத்துப் படியுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், கிட்டப் போன பிறகே சுடு, எதிரி மேலிருந்து பாய்ந்தால் ஓடாதே, திரும்பி அவனை எதிர்கொள், எதிரியின் மண்ணுக்கு மேலே இருக்கும்போது திரும்பும் வழியை மறக்காதே என்று போகும். கடைசி விதி கூட்டமாகத் தாக்குவதைப் பற்றியது, சண்டை தனித்தனியாகப் பிரிந்துவிட்டால் பல பேர் ஒரே எதிரி மேல் போகாமல் கவனமாக இரு என்கிறது. எழுதியவரே அதை மீறிய ஒரு நிமிஷத்தில் போனார். இந்தத் தாளை அச்சடித்தவரும் தகட்டைப் பொறித்தவரும் ஒரே கடைக்காரர், ஒன்றை ஒன்று படித்துப் பார்க்கவில்லை.

கடைக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது, அதில் குறையில்லை: சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அடுத்த தொகுப்பில் பார்க்கிறோம், தகடு தயாரிப்பு வேறு ஒருவரிடம் இருக்கிறது, வேண்டுமானால் திருப்பி அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், இது நமக்காகத் தனியாகச் செய்ததும் இல்லை, ஆகவே சட்டப்படி வழி திறந்தே இருந்தது. ஆனால் நான் கேட்டது புதுத் தகடு, அது முடியாது என்றார்கள். நட்சத்திரத்தைப் பற்றி எழுதிய பத்திக்குப் பதிலே இல்லை. இரண்டு திருகாணியில் நிற்கிற தகடு, கழற்றி எறிந்துவிட்டேன், இப்போது சட்டம் இன்னும் நன்றாக இருக்கிறது. உள்ளே இருந்த ஏ3 படத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் தபால் அட்டை அளவுக்கு வெட்டிய வெள்ளை மவுன்ட் அட்டை வைத்து என் பழைய அட்டையையே பொருத்தியிருக்கிறேன். பார்க்க ஆயிரம் மடங்கு மேல்.

'போர்க்காரன் படத்தை வீட்டில் மாட்டுவாயா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த அட்டைகள் அந்தக் காலத்து விளம்பரம்தான், பையன்களைப் போருக்கு ஆசைப்பட வைத்த விளம்பரம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பிறகு நாஜிகளும் ஒரு குண்டுவீச்சுப் பிரிவுக்கு இவர் பெயரை வைத்தார்கள், அதற்கு இவர் பொறுப்பில்லை என்றாலும் பெயர் அந்த வழியாக வந்திருக்கிறது என்பது உண்மை. இன்றைய ஜெர்மன் விமானப் படையில் நோர்வெனிச் தளத்துப் பிரிவு இன்னும் போல்கேயின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் போர்க்கால விமானி மோல்டர்ஸின் பெயரை 2005-இல் எடுத்துவிட்டார்கள், ஸ்பெயினில் ஃபிராங்கோவுக்காகப் பறந்தவர் என்பதால். அந்த வித்தியாசத்தை ஜெர்மானியர்களே கவனமாகப் பார்க்கிறார்கள். இதே கடையில் இரண்டாம் போர்க்கால விமானிகளின் படங்களும் இருக்கின்றன, அந்தப் பக்கம் நான் போகவில்லை, போகப் போவதுமில்லை.

போல்கேயை வைத்திருப்பதற்கு எனக்குக் காரணம் அவருடைய நாற்பது இல்லை. பிரான்ஸில் டுவே என்ற ஊரில் கால்வாயில் விழுந்த பிரெஞ்சுப் பையனை உடுப்போடு குதித்துத் தூக்கியவர், அதற்கும் ஒரு பதக்கம் வாங்கினார். இறந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையே எதிரி வானத்தில் பறந்து வந்து மலர்வளையம் போட்டுவிட்டுப் போனது, வீரமும் பெருந்தன்மையும் உள்ள எங்கள் எதிரிக்கு என்று எழுதி. காம்ப்ரே பேராலயத்தில் நடந்த அஞ்சலியில் அவருடைய பதக்கங்களைத் தலையணையில் ஏந்தி நடந்தவர் ரிக்ட்ஹோஃபென். உடல் டெஸ்ஸாவுக்குப் போனது, கல்லறை இன்றும் அங்கேதான். இதில் எதையாவது அந்தத் தகட்டில் போட்டிருக்கலாமே.

நிஜ அட்டை வாங்கப் போகிறவர்களுக்கு, பெரும்பாலும் ஏமாற்றுவது சுலபம் என்பதால் சொல்கிறேன். நிஜமானவை புகைப்படத் தாளில் நேரடியாக எடுத்த பிரதிகள். லூப்பில் பார்த்தால் வரிசையான புள்ளிகள் தெரியவே கூடாது, தெரிந்தால் அது புத்தகத்திலிருந்து அச்சடித்தது. சாய்த்துப் பிடித்தால் கறுப்பு அடர்ந்த இடங்களில், குறிப்பாக ஓரங்களில், வெள்ளி மாதிரி ஒரு நீல மினுக்கம் தெரியும். நூறு வருஷத்தில் தாளில் உள்ள வெள்ளி மேலே வந்த அடையாளம் அது, அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். இருட்டில் புற ஊதா விளக்கு காட்டினால் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிரக் கூடாது, அப்படி ஒளிர்ந்தால் வெளுப்புப் பொருள் கலந்த தாள், இரண்டாம் போருக்குப் பிந்தியது. பிறகு இரும்புச் சிலுவையும் விமானி பேட்ஜும் அவருடைய இடது மார்பில், அதாவது நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்தவற்றையும் பார்த்திருக்கிறேன். மினுக்கம் இல்லாவிட்டால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள், நன்றாகக் கழுவிய பிரதியில் அது வராமலும் இருக்கலாம்.

மதிப்பெண் வேண்டுமென்றால், சட்டத்துக்கும் தாளுக்கும் ஐந்துக்கு நாலரை, படத்துக்கு இரண்டு, தகட்டுக்குப் பூஜ்யம். சட்டத்துக்காகவே வாங்கலாமா என்று கேட்டால், தகடில்லாத வெறும் சட்டத்தை அதே கடையில் 35 யூரோவுக்கு விற்கிறார்கள், அதை எடுங்கள். இம்மெல்மான் படமும் வைத்திருக்கிறார்கள், வாங்க நினைப்பவர்கள் தோள்பட்டையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி முதலில் எழுதிக் கேளுங்கள். கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் படத்தில் தோள் வெட்டுப்பட்டிருக்கிறது.